குகனேஸ்வரிக்கு வாயாக இருந்தவள்

செலஸ்ரீனா வேண்டாம் என்று விட்ட வீட்டில்தான் அந்த ஓவியம் இருந்தது. வேறு எவருடைய வீட்டில் இருந்திருந்தாலும் ஒரு பெருமூச்சோடு விட்டிருப்பாள். கைக்கு வந்ததைத் தட்டிவிட்டு, தட்டிவிட்டதைத் தானே எடுத்து இன்னொருத்தியின் கையில் கொடுத்தும் விட்டோமே என்பதுதான் நெஞ்சுக்குள் கிடந்து அரித்தது.

இத்தாலியில், பலெர்மோவின் பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் இறங்கிப் பழைய நகரத்துக்குள் நடந்தால் வருகிற சந்துகளில் ஒன்று. அதில் நான்கு மாடிக் கட்டடம். முன்பு யாரோ பிரபு குடும்பம் வாழ்ந்தது. அவர்கள் போன பிறகு பெரிய மண்டபங்களைப் பலகையாலும் சுண்ணாம்பாலும் மறித்து, சின்னச் சின்ன வீடுகளாக்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள். இரண்டாம் மாடியில் செலஸ்ரீனாவும் புருஷன் யோசேப்பும். அதற்கு மேல், மூன்றாம் மாடியில், குகனேஸ்வரியும் விக்னராஜாவும். மற்ற வீடுகளில் பலெர்மோக்காரர், வங்காளிகள், ஒரு கானா நாட்டுக் குடும்பம். கீழே, அந்தக் காலத்தில் குதிரை வண்டிகள் நின்ற கொட்டகையில், சனம் கூடுகிற நிலையம் ஒன்று இருந்தது. எல்லாரும் அதைச் ‘சென்ட்ரோ’ என்பார்கள்.

சென்ட்ரோவை நடத்தியவள் நுன்சியா. சுருட்டை மயிரும் சந்தைக் குரலுமாக அந்தச் சந்திலேயே பிறந்து வளர்ந்தவள். செவ்வாய்க்கிழமைகளில் வீட்டுப் பிரச்சினை உள்ளவர்கள் அங்கே வருவார்கள்: சுவர் ஒழுகுகிறது, வீட்டுக்காரர் வீட்டை விட்டு எழும்பச் சொல்கிறார், வாடகை ஒப்பந்தம் விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நுன்சியா ஆட்களைக் கூட்டிக்கொண்டு பழைய கட்டடங்களின் முற்றங்களையும் படிகளையும் காட்டப் போவாள். குடியிருப்பவர்களையும் கட்டடத்தையும் ஒரே கயிற்றில் கட்டி இழுத்தால்தான் இரண்டும் தப்பும் என்பது அவளுடைய கட்சி.

அந்தச் சென்ட்ரோவில் செலஸ்ரீனாவுக்கு ஒரு கதிரை இருந்தது. கதிரை என்றால் மெய்யாகவே கதிரை. நுன்சியாவுக்கு வலப்பக்கம், கதவைப் பார்த்தபடி. தமிழ்ச் சனம் யார் வந்தாலும் அவள்தான் வாய். டொக்டரிடம், பள்ளிக்கூடத்தில், வதிவிட அனுமதி தருகிற பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில் என்று எங்கே கூப்பிட்டாலும் போவாள். “செலஸ்ரீனாக்காவைக் கேள்” என்றால் அந்தப் பகுதியில் மறுபேச்சு இல்லை.

மன்னார்ப் பக்கத்துப் பேசாலைக்காரி அவள். வந்த புதிதில் அவளுக்கும் இத்தாலியன் தெரியாது. லிபெர்த்தா வீதியில் ஒரு கிழவியைப் பராமரிக்கிற வேலை கிடைத்தது. கிழவி ஓய்வுபெற்ற வாத்தியார். வினைச்சொல்லைப் பிழையாகச் சொன்னால் சூப்பைக் குடிக்கமாட்டாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு யன்னலைப் பார்ப்பாள். கிழவிக்குச் சூப் இறங்க வேண்டும் என்பதற்காகவே செலஸ்ரீனா இலக்கணம் படித்தாள். கிழவி செத்த நேரத்தில், சந்தில் பிறந்தவர்களே பேசாத சுத்தமான இத்தாலியன் அவளிடம் இருந்தது. கிழவியின் பிள்ளைகள் நினைவாக ஒரு குடையைக் கொடுத்தார்கள். மொழியை அவளே எடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் மாடி வீடு காலியானபோது காவல்காரன் முதலில் அவளிடம்தான் சொன்னான். போய்ப் பார்த்தாள். ஈர மணம். கூரை பெட்டி மாதிரிப் பதிந்து கிடந்தது. யோசேப் கையை உயர்த்தினால் முட்டும். “உதுக்குள்ளை ஆர் இருக்கிறது?” என்று திரும்பி வந்துவிட்டாள். அப்போது குகனேஸ்வரியும் விக்னராஜாவும் யாருடையதோ வீட்டில் ஒற்றை அறையில் ஒதுங்கி இருந்தார்கள். யாழ்ப்பாணத்துப் பக்கச் சனம், பிள்ளைகள் இல்லை. விக்னராஜா ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார், அவள் படிக்கட்டுகள் துடைத்தாள். செலஸ்ரீனா காவல்காரனிடம் பேசி அந்த வீட்டை அவர்களுக்கு எடுத்துக் கொடுத்தாள். அதைப் பல இடங்களில் சொல்லியும் இருக்கிறாள். “நான் எடுத்துக் குடுத்த வீடு” என்று சொல்லும்போது அவளுக்கு ஒரு சின்ன இனிப்பு வாய்க்குள் கரையும்.

மழைக்காலத்து மத்தியானம் ஒன்றில், தலைக்கு மேல் அரிசி மூட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. செலஸ்ரீனா செருப்பும் போடாமல் மேலே ஓடினாள். குசினி மேசை முழுக்கச் சுண்ணாம்பும் நாணற் தடிகளும் கிடந்தன. வெள்ளைத் தூசி படிந்த தலையோடு குகனேஸ்வரி நடுவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஐயோ, அடிகிடி பட்டதோ?”

“ஒண்டும் இல்லையக்கா. மேலை பாருங்கோ.”

“நெத்தியிலை ரத்தம்!”

“அது கிடக்கட்டும். மேலை பாருங்கோ எண்டுறன். மயில்!”

பதிந்த கூரை பொய்க் கூரை. அது இடிந்த ஓட்டைக்கு மேலே, இன்னொரு ஆள் உயரத்தில், உண்மையான கூரை இருந்தது. அதில் நீலமும் பொன்னுமாக ஒரு மயில் கழுத்தைச் சரித்து, ஒற்றைக் கண்ணால் குகனேஸ்வரியின் குசினியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நுன்சியா கலோஜெரோவைக் கூட்டி வந்தாள். சென்ட்ரோவுக்குச் சும்மா உதவி செய்கிற கட்டடக் கலைஞர், ஒல்லியான மனிதர். ஏணி வைத்து ஏறியவர் கனநேரம் இறங்கவில்லை. பிறகு மிச்சப் பொய்க் கூரையையும் மெல்ல மெல்ல அகற்றினார்கள். பழக்கூடை ஏந்திய பெண், பூமாலைகள், மறு மூலையில் ஈரத்தில் பாதி அழிந்த இன்னொரு மயில். மூன்று நூற்றாண்டுக்குக் கிட்ட இருக்கும், பிரபுவின் விருந்து மண்டபமாக இருந்திருக்கும் என்றார் கலோஜெரோ.

“முருகன்ரை வாகனம்,” என்றாள் குகனேஸ்வரி. “இவ்வளவு காலமும் எங்கடை தலைக்கு மேலை இருந்திருக்குது. நாங்கள்தான் அறியேல்லை.”

செலஸ்ரீனாவுக்குச் சுருக்கென்றது. கத்தோலிக்க நாடு, கத்தோலிக்கப் பிரபுவின் வீடு. ஒரு சம்மனசு இருந்திருக்கக்கூடாதா? மாதா இருந்திருக்கக்கூடாதா? மயில்தானா வரவேண்டும், அதுவும் இவளுக்கு?

வீட்டுக்கு வந்து விளக்குமாற்றுக் காம்பை எடுத்தாள். தன் குசினிக் கூரையைத் தட்டினாள். பிறகு அறையை, பிறகு நடையை.

“என்னப்பா தட்டுறாய்?” என்றார் யோசேப். நகரத்துக்கு வெளியே சியாகுல்லியில் மண்டரின் தோடம்பழத் தோட்டத்து வேலை முடித்து வந்து கால் நீட்டியிருந்தார்.

“எலி.”

“எலி எப்பவிருந்து சீலிங்கிலை?”

அவள் மற்ற மூலையையும் தட்டினாள். மறுநாள் ஏதோ சாட்டுச் சொல்லிக் கலோஜெரோவை உள்ளே கூப்பிட்டாள். அவர் விரல் மடக்கி ஒரு தட்டுத்தான் தட்டினார். “சீமெந்து, சிஞ்ஞோரா. உலகப் போரில் இந்தப் பக்கத்தில் குண்டு விழுந்து பிறகு கட்டியது. குண்டு பக்கவாட்டில் வெடித்து இரண்டாம் மாடிவரை இடித்திருக்கிறது. மேலே தப்பியது அதிசயம்தான்.”

செலஸ்ரீனா அவரை வாசல்வரை வழியனுப்பிவிட்டு வந்து கட்டிலில் இருந்தாள். பேசாலையில் வீட்டைத் தின்ற போர், இங்கேயும் அவளுக்கு முந்தி வந்து அவளுடைய கூரையைத் தின்றுவிட்டுப் போயிருந்தது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நுன்சியாவோடு வருகிற ஆட்கள் நேரே மூன்றாம் மாடிக்கு ஏறினார்கள். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள், மற்றச் சந்துகளின் கிழவர்கள், வடக்கே இருந்து வந்த உல்லாசப் பயணிகள். குகனேஸ்வரி கதவைத் திறந்து, தேத்தண்ணி ஊற்றி, கதை சொல்வாள். தமிழில்தான் சொல்வாள். பக்கத்தில் நின்று செலஸ்ரீனா இத்தாலியனில் சொல்வாள்.

முதல் ஞாயிறுகளில் அவள் வஞ்சகம் செய்யவில்லை. சொல்லப்போனால் குகனேஸ்வரி கொடுத்ததைவிடக் கூடவே கொடுத்தாள். “சத்தம் கேட்டுது, பாத்தன், மயில்” என்று அவள் சொன்னால், “வானமே இடிந்து விழுந்ததென்று நினைத்தேன். கண்ணைத் திறந்தால், என்னைவிட ஆச்சரியத்தோடு ஒரு மயில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது” என்பாள் செலஸ்ரீனா. ஆட்கள் சிரித்தார்கள், கை தட்டினார்கள். ஒரு கிழவி கண் கலங்கிக் கட்டியணைத்தாள். யாரை? குகனேஸ்வரியை. செலஸ்ரீனாவின் வாயிலிருந்து வந்த வார்த்தைக்குக் குகனேஸ்வரியின் கன்னத்தில் முத்தம். சாப்பிடுகிறவன் சோற்றைத்தானே புகழ்வான், அகப்பையையா புகழ்வான்?

பத்திரிகைக்காரன் ஒருத்தன் வந்து படம் எடுத்தான். வந்த படத்தில் மயிலுக்குக் கீழே குகனேஸ்வரி பட்டுச் சேலையோடு நின்றாள். படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை தெரிந்தது. அது செலஸ்ரீனாவின் முழங்கை. சென்ட்ரோவின் சுவரில், கதிரைக்கு நேர் எதிரே, நுன்சியா அதைச் சட்டம் போட்டு மாட்டினாள். செவ்வாய்க்கிழமை தோறும் செலஸ்ரீனா தன் முழங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது.

அதிலிருந்துதான் அவளுடைய மொழிபெயர்ப்பு மெலியத் தொடங்கியது. குகனேஸ்வரி மூச்சு விடாமல், வாளி வைத்த கதை, விக்னராஜா குடை பிடித்துச் சாப்பிட்ட கதை எல்லாம் சொல்லி முடிப்பாள். செலஸ்ரீனா வந்தவர்களைப் பார்த்து, “மழைக்கு ஒழுகியதாம்” என்பாள்.

“அவ்வளவு நேரம் பேசினாளே?” என்று நுன்சியா ஒருமுறை கேட்டாள்.

“தமிழ் நீளமான மொழி,” என்றாள் செலஸ்ரீனா.

கலோஜெரோ பேசினால் மட்டும் நாக்கு உயிர் பெறும். திருச்சபையின் பழைய ஓவியங்களில் மயில் உயிர்ப்பின் அடையாளம் என்று ஒருநாள் அவர் சொன்னார். செலஸ்ரீனா குகனேஸ்வரி பக்கம் திரும்பி, ஆறுதலாக, ஒரு எழுத்தும் சிந்தாமல் சொன்னாள்: “கேட்டீரே? அது ஆண்டவருடைய உயிர்ப்பாம். முருகன் இல்லையாம். எங்கடை சாமான்.”

“அப்பிடியே?” என்று குகனேஸ்வரி அண்ணாந்து பார்த்தாள். “எங்கடை ஆளும் உங்கடை ஆளும் ஒரு வாகனத்திலைதான் திரியினம் போலை.”

செலஸ்ரீனாவுக்கு அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பதிலை அவள் யாருக்கும் மொழிபெயர்க்கவும் இல்லை. சொன்னால் ஆட்கள் குகனேஸ்வரியை இன்னும் விரும்பிவிடுவார்கள்.

இதற்கிடையில் கட்டடத்தின் தலைவிதியும் அசையத் தொடங்கியிருந்தது. உரிமைக்காரர்கள் பிரபுவின் வழிவந்த வாரிசுகள்; ஒருவரும் பலெர்மோவில் இல்லை. குடியிருப்பவர்களை எழுப்பிவிட்டு, உல்லாசப் பயணிகளுக்கு அறைகளாக்க வேண்டும் என்று கன காலமாக முயன்றுகொண்டிருந்தார்கள். நுன்சியா எதிர்த்து நின்றாள். அந்த வழக்காடல்களில் எல்லாம் செலஸ்ரீனா தொண்டை கிழியப் பேசியிருக்கிறாள், ஒன்றும் நடந்ததில்லை. இப்போது கூரையில் ஒட்டிய ஒரு பறவைக்காக மரபுரிமை அலுவலகத்து அதிகாரி சென்ட்ரோவுக்கே வருவதாகச் செய்தி வந்தது. வாரிசுகளின் வழக்கறிஞரும் வருகிறாராம்.

கூட்டத்தன்று கொட்டகை நிறைந்தது. அதிகாரி கண்ணாடி போட்ட நடுவயதுப் பெண். ஓவியத்தைத் திருத்தியே ஆக வேண்டும், அதற்கு வீட்டை வெறுமையாக்க வேண்டும் என்றாள். வழக்கறிஞர் இனிமையான மனிதர். நகரத்தின் ஓரத்தில் புதுக் கட்டடம் ஒன்றில் வாரிசுகளுக்கு வீடு இருக்கிறது, லிப்ட் இருக்கிறது, வெயில் படுகிற பல்கனி இருக்கிறது, சிஞ்ஞோராவும் புருஷனும் அங்கேயே நிரந்தரமாகப் போகலாம், ஓவியத்தை வாரிசுகள் பார்த்துக்கொள்வார்கள் என்றார். நுன்சியாவின் முகம் இறுகியது. மூன்றாம் மாடி வெறுமையானால் மற்ற மாடிகள் ஒவ்வொன்றாக வெறுமையாகும் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். செலஸ்ரீனாவுக்கும் தெரியும். அவளும் அந்தக் கட்டடத்தில்தானே இருக்கிறாள்.

தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனப் பிழையாக வேண்டும் என்பார்கள். அவள் குகனேஸ்வரிக்குத் தமிழில் விளங்கப்படுத்தினாள். லிப்டைச் சொன்னாள். பல்கனியைச் சொன்னாள். வழக்கறிஞர் சொல்லாத வெளிச்சத்தையும் காற்றையும் சேர்த்துச் சொன்னாள். நிரந்தரம் என்ற இடத்தில் மட்டும் குரல் தாழ்ந்து, வேகமாகப் போனது. மொழிபெயர்ப்பு மறுபடி கொழுத்திருந்தது.

குகனேஸ்வரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். “சரி… சரி… ம், சரி…”

வழக்கறிஞர் புன்னகைத்தார். “சரி, சரி என்கிறாரே. அதற்கு என்ன அர்த்தம்?”

கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள் என்று அர்த்தம். தமிழ்ச் சனம் தொலைபேசியில் நாள் முழுக்கச் சொல்கிற ‘சரி’ அது. செலஸ்ரீனாவுக்குத் தெரியாதா? வாய் திறந்தது. அதற்குள் சுவரிலே மாட்டியிருந்த படம் கண்ணில் பட்டது.

“வா பேனே,” என்றாள். சம்மதம் என்று அர்த்தம். எந்த அகராதியைப் புரட்டினாலும் பிழை பிடிக்க முடியாத மொழிபெயர்ப்பு.

வழக்கறிஞர் எழுந்து, மேசைக்கு மேலால் குகனேஸ்வரிக்குக் கை நீட்டினார். நுன்சியா கண்ணை மூடிக்கொண்டாள்.

“இவர் ஏனக்கா கை தாறார்?” என்றாள் குகனேஸ்வரி. “ஏன் எல்லாரும் என்னை உப்பிடிப் பாக்கினம்?”

செலஸ்ரீனா மேசையைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் குகனேஸ்வரி கேட்டதற்கு அவள் பதில் சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

குகனேஸ்வரிக்கு விளங்கிவிட்டது. மெல்ல எழும்பினாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். பிறகு வழக்கறிஞரைப் பார்த்து, யாரும் அவளிடமிருந்து கேட்டிராத மொழியில் சொன்னாள்: “இயோ நோ அந்தாரே. காசா மியா. இயோ ரெஸ்தாரே.”

நான் போக மாட்டேன், என் வீடு, நான் இருப்பேன் என்று சொல்ல நினைத்தாள். வினைச்சொல் ஒன்றும் வளையவில்லை. எல்லாம் விறகுத் தடி மாதிரி விறைத்து நின்றன. லிபெர்த்தாக் கிழவி கேட்டிருந்தால் சூப்பே குடித்திருக்க மாட்டாள். ஆனால் கொட்டகையில் விளங்காதவர் யாரும் இல்லை. பின்வரிசையில் கானா நாட்டுக்காரர் முதலில் கை தட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

கைதட்டல் ஓயும்வரை குகனேஸ்வரி காத்திருக்கவில்லை. செலஸ்ரீனா பக்கம் திரும்பித் தமிழில் பேசினாள். குரல் உயரவில்லை.

“டொக்டரிட்டைப் போனாலும் நீங்கள். குவெஸ்தூராக்குப் போனாலும் நீங்கள். என்ரை கர்ப்பப்பையை எடுக்கவேணும் எண்டு டொக்டர் உங்களைப் பாத்துத்தான் சொன்னவர், பிறகு நீங்கள் எனக்குச் சொன்னனீங்கள். என்ரை வருத்தம் எனக்கு முதல் உங்களுக்குத் தெரிஞ்சுது. நீங்கள் வடிவாக் கதைப்பீங்கள், எல்லாரும் உங்களைப் பாத்துச் சிரிப்பினம், நான் பக்கத்திலை பொம்மை மாதிரி இருப்பன். எனக்கு உங்களிலை எவ்வளவு பொறாமை தெரியுமே? வீட்டை எடுத்துத் தந்தது நீங்கள்தான். அதையும் எத்தினை பேரிட்டைச் சொன்னனீங்கள். இந்த மயில் வந்த பிறகுதான் ஆக்கள் என்ரை முகத்தைப் பாக்கினம். அது உங்களுக்குப் பொறுக்கேல்லை. ‘சரி’ எண்டால் என்ன எண்டு தெரிஞ்சுகொண்டுதான் சொன்னனீங்கள்.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினாள். “சிஞ்ஞோரா என்ன சொல்கிறார்?”

கொட்டகை முழுக்க இப்போது செலஸ்ரீனாவைப் பார்த்தது. தமிழும் இத்தாலியனும் ஒழுங்காகத் தெரிந்தவர் அங்கே அவளைத் தவிர யாரும் இல்லை. விக்னராஜா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏதாவது சொல்லித் தப்பியிருக்கலாம். வீட்டை விட மனமில்லையாம் என்றிருந்தால் போதும். அவளுக்கே பிறகும் விளங்கவில்லை, ஏன் அப்படிச் செய்யவில்லை என்று. ஒருவேளை அந்தப் பேச்சு அவ்வளவு நன்றாக இருந்ததால் இருக்கலாம். அதை மழைக்கு ஒழுகியது என்று சுருக்க அவளுக்கு மனம் வரவில்லை.

கதிரையிலிருந்து எழும்பி நின்று மொழிபெயர்த்தாள். எப்போதும் போல ‘நான்’ என்றே சொன்னாள். மொழிபெயர்க்கிறவளுக்கு ‘நான்’ என்றால் மற்றவள். டொக்டரைச் சொன்னாள். கர்ப்பப்பையைச் சொன்னாள், ஆண்கள் சிலர் தலை குனிந்தார்கள். பொம்மையைச் சொன்னாள். “எனக்கு உங்கள்மேல் எவ்வளவு பொறாமை தெரியுமா” என்று சுத்தமான இத்தாலியனில், நடுங்கிய குரலில் அவள் சொன்னபோது, அது எவளுடைய பொறாமை என்று நுன்சியாவுக்கு ஒரு கணம் குழம்பியது. கடைசி வசனம்வரை ஒன்றையும் விடவில்லை.

“‘சரி’ என்றால் என்ன என்று தெரிந்துகொண்டுதான் சொன்னீர்கள்,” என்று முடித்தாள்.

“தெரிந்துதான் சொன்னாயா?” என்றாள் நுன்சியா.

“ஆம்,” என்றாள் செலஸ்ரீனா. அது மட்டும் அவளுடைய சொந்த வார்த்தை.

குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மழை இல்லை. இரண்டு மாடி ஏறுவதற்கு அவ்வளவு நேரம் அவளுக்கு ஒருநாளும் எடுத்ததில்லை.

காரியம் நல்லபடி முடிந்தது என்பதை அவள் யோசேப் வழியாகத்தான் அறிந்தாள். திருத்த வேலை முடியும்வரை குகனேஸ்வரியும் விக்னராஜாவும் சென்ட்ரோவின் பின்னறையில் இருப்பது, முடிந்ததும் அதே வீட்டுக்குத் திரும்புவது என்று வாரிசுகள் சம்மதிக்க வேண்டி வந்தது. ஓவியத்தால் கட்டடம் முழுதுக்கும் மரபுரிமைச் சட்டத்தின் காப்பு வந்தது; மற்றவர்களை எழுப்பும் பேச்சும் அப்போதைக்கு நின்றது. செலஸ்ரீனாவின் சீமெந்துக் கூரையும் சேர்ந்து தப்பியது. இவள் தயவில் நான் குடியிருக்கிறேன் என்ற நினைப்பு ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் அவளைக் குத்தியது.

செவ்வாய்க்கிழமைகளில் யாரும் அவள் கதவைத் தட்டவில்லை. யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் மகள் றம்யா, கல்லூரிக்குப் போகிறவள், அந்தக் கதிரையில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டாள். அந்தப் பிள்ளை ‘சுப்ஜுன்ற்றிவ்’ என்ற வினை வடிவம் தெரியாமல் பேசுகிறதாம். யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆண்களுக்கு ஒன்றுமே நடவாத மாதிரி. யோசேப் சியாகுல்லியிலிருந்து கொண்டுவருகிற மண்டரினில் பாதியை முன்போலவே விக்னராஜாவுக்குக் கொடுத்தார். இரண்டு பேரும் முற்றத்தில் நின்று தோல் உரித்து, கிரிக்கெட் கதைத்தார்கள். செலஸ்ரீனா யன்னலுக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். கீழே சென்ட்ரோவின் பின்னறையிலிருந்து குகனேஸ்வரியின் குரல் வரும். நுன்சியா அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் போகிறேன், நீ போகிறாய், அவள் போகிறாள். மூன்றாவதில் பிழை வரும். மாடியிலிருந்து செலஸ்ரீனாவின் உதடு தன்பாட்டில் திருத்தும். தனக்கு ஒரு கிழவியின் மூடிய வாய்தான் பள்ளிக்கூடம். இவளுக்கு நுன்சியா பிஸ்கற்றும் வைத்துப் படிப்பிக்கிறாள்.

வசந்தத்தில் அவர்கள் மேலே திரும்பினார்கள். ஞாயிறு ஆட்களும் திரும்பி வந்தார்கள். ஒருநாள் குப்பைப் பையோடு படியில் நின்ற செலஸ்ரீனாவுக்கு மேலே நடப்பது கேட்டது. குகனேஸ்வரி தானே கதை சொன்னாள். சத்தம் கேட்டது, மேலே பார்த்தேன், அங்கே ஒரு ‘பத்ரோனே’ இருந்து என்னைப் பார்த்தார் என்றாள். மயிலுக்குப் ‘பவோனே’ என்று சொல்ல வேண்டும். ‘பத்ரோனே’ என்றால் வீட்டுக்காரர். கூரையில் தொங்கிக்கொண்டு வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பதை நினைத்து ஆட்கள் சிரித்த சிரிப்பில் படிக்கட்டு அதிர்ந்தது. குகனேஸ்வரியும் சேர்ந்து சிரித்தாள். இத்தனை வருஷம் ஒரு பிழையும் விடாமல் பேசிய செலஸ்ரீனாவுக்கு அப்படி ஒரு சிரிப்பு ஒருநாளும் கிடைத்ததில்லை. குப்பைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைக்காமல் இல்லை. இரண்டு முறை மூன்றாம் மாடிப் படியில் கால் வைத்தாள். என்ன சொல்வது என்று யோசித்தால் நல்ல நல்ல வசனங்களாக வந்தன. அதனாலேயே திரும்பி வந்துவிட்டாள்.

கடைசியில் தட்டியது குகனேஸ்வரிதான். ஒரு காலை வேளை, வேலைக்குப் போகிற சப்பாத்தோடு வாசலில் நின்றாள்.

“அக்கா, இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கவேணும். குவெஸ்தூராக்குப் போறன். நீங்களும் வாறியளே?”

“றம்யா இல்லையே?”

“அவளுக்குச் சோதினை.” தோளில் தொங்கிய பையைச் சரிசெய்தாள். “நீங்கள் கதைக்க வேண்டாம். பக்கத்திலை இருந்தால் காணும்.”

செலஸ்ரீனா சீலை மாற்றப் போகவில்லை. நின்ற உடுப்போடு சப்பாத்தை மாட்டிக்கொண்டு வந்தாள்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி வேகமாகப் பேசுகிற ஆள். அவன் கேட்ட முதல் கேள்வியிலேயே குகனேஸ்வரி தடுமாறினாள். செலஸ்ரீனாவுக்குப் பதில் தொண்டைவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து, கையைக் கைப்பைக்குள் விட்டு, கைலேஞ்சித் துணியை முறுக்கினாள். குகனேஸ்வரி அவள் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடியை நெருங்கி, “மெல்லச் சொல்லுங்கோ” என்று இத்தாலியனில் கேட்டாள். அதிகாரி நிமிர்ந்து பார்த்தான். பிறகு, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாக வைத்துச் சொன்னான். செலஸ்ரீனாவுக்காக எந்த அதிகாரியும் மெல்லப் பேசியதில்லை. அவள் கேட்டதும் இல்லை.

விலாசத்தைக் கேட்டான், சொன்னாள். வேலையைக் கேட்டான், சொன்னாள். முடிவில் முத்திரையைக் குத்திவிட்டு, “பிராவா, சிஞ்ஞோரா! கெட்டிக்காரி, நன்றாகப் பேசுகிறீர்கள்,” என்றான்.

பழைய பொறாமை மறுபடி பற்றிக்கொண்டதைச் செலஸ்ரீனா உணர்ந்தாள். போய்விட்டது என்று அவள் நினைத்திருக்கவும் இல்லை.

வெளியே வெயில். பஸ் தரிப்பில் நின்றபோது குகனேஸ்வரி கேட்டாள், “எப்பிடி? பிழை விட்டனானே?”

“இரண்டு இடத்திலை.”

“எங்கை?”

செலஸ்ரீனா சொன்னாள். குகனேஸ்வரி வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். மறுபடி பிழைத்தது. செலஸ்ரீனா மறுபடி சொன்னாள்.

“அக்கா,” என்றாள் குகனேஸ்வரி. “உங்களுக்கு ஆரும் ‘பிராவா’ எண்டு சொல்லியிருக்கினமே?”

“இல்லை.”

“ஒருத்தரும்?”

“இல்லையெண்டு சொல்லுறன்!”

குகனேஸ்வரி முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்குவதைப் பார்த்தால் அழுகை இல்லை என்று தெரிந்தது. ஸ்தாசியோனேப் பக்கம் போகிற பஸ் வந்தது. செலஸ்ரீனா முதலில் ஏறி யன்னலோரம் பிடித்தாள்.